வரைவிலக்கணம் தெரியும், கோளாறு தெரியவில்லை: ஹட்டன் பக்கத்து சிசிஎன்ஏ மாணவர் ஒருவரின் இரண்டு முயற்சிகள்

பின்னணி

இதில் வருகிறவர் 23 வயது இளைஞர். பெயர் வேண்டாம், மாணவர் என்றே எழுதுகிறேன். ஹட்டன் டவுனிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் தள்ளியுள்ள ஒரு தோட்டத்தில் லயத்து வீடு. அம்மா கொழுந்து எடுக்கிறவர். மாணவர் உயர்தரம் வரை தமிழில் படித்தவர். பகலில் டவுனில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் போட்டோகொப்பி, ரீலோட், ஒன்லைன் விண்ணப்பம் என்று எல்லாம் செய்வார். மாலையில் நான் நடத்தும் சின்ன வகுப்புக்கு வருவார். நான் வலையமைப்பு வேலையில் பதினைந்து வருடமாக இருக்கிறேன். கற்பிப்பதை யாரிடமும் முறையாகக் கற்றதில்லை, அந்தக் குறையும் இந்தக் கதையில் உண்டு.

அவர் எழுத நினைத்தது வலையமைப்புக் கருவிகள் செய்யும் சிஸ்கோ நிறுவனத்தின் சான்றிதழ்ப் பரீட்சையான சிசிஎன்ஏ, குறியீடு 200-301. கட்டணம் 300 டொலர். 2025 தொடக்கத்து மாற்று விலையில் ஏறக்குறைய 90,000 ரூபாய். அம்மாவின் நாட்சம்பளம் அப்போது 1,350 ரூபாய். அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) விழாமல் 67 நாள் மலையில் நின்றால்தான் ஒரு பரீட்சைக்கான காசு தேறும். இந்தக் கணக்கை நான் முதலில் போட்டுப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் பெப்ரவரியில் அவரை அனுப்பியிருக்க மாட்டேன்.

படிக்கும் முறை அவரே வகுத்துக்கொண்டது. ஒரு பிஸ்கட் டின் நிறைய அட்டைகள். முன்பக்கம் ஒரு சொல், பின்பக்கம் அதற்கான ஆங்கில வரைவிலக்கணம். கடையில் ஆள் இல்லாத நேரம், பஸ்ஸில், இரவில் என்று எப்போதும் அதே வேலை. எந்த அட்டையை எடுத்தாலும் வரி பிசகாமல் ஒப்பிப்பார். நானும் ஒரு மாலை ஐம்பது அட்டைகளை எடுத்துக் கேட்டேன். இரண்டுதான் தவறின. "சரி தம்பி, போய் எழுது" என்று சொல்லிவிட்டேன்.

முதல் முயற்சி

பெப்ரவரி கடைசியில் ஒரு காலைப் பொழுது, கொழும்பில் பரீட்சை. விடியப்புறம் பஸ் ஏறி, கினிகத்தேனை, கித்துல்கலை வளைவுகளில் இரண்டு தடவை வாந்தி எடுத்து, ஒரு கோப்பை பிளேன்டீயோடு போய் உட்கார்ந்திருக்கிறார். நேரம் 120 நிமிடம். ஒரு கேள்வியைத் தாண்டிவிட்டால் திரும்பிப் போய்த் திருத்த முடியாது. அந்த விதி அவருக்குத் தெரியும். ஆனால் அதற்காகப் பழகிப் பார்த்ததில்லை.

சித்தியடையவில்லை. வந்து சொன்ன முதல் வாக்கியம் இது: "எல்லாம் தெரிஞ்ச சொல்லுதான் சேர். என்ன கேக்குறாங்கன்னுதான் புரியல."

பெறுபேற்றுத் தாளில் ஆறு பகுதிகளுக்கும் தனித்தனி விழுக்காடு இருக்கும். பகுதிகளின் எடை எல்லாருக்கும் தெரிந்ததே: அடிப்படைகள் 20, வலையமைப்பு அணுகல் 20, ஐபி இணைப்பு (வலையமைப்புகளுக்கிடையே பாதை தேடுவது) 25, ஐபி சேவைகள் 10, பாதுகாப்பு அடிப்படைகள் 15, தானியங்கல் (வலையமைப்பை நிரலால் இயக்குவது) 10. இவருக்குத் தானியங்கலில் நல்ல பெறுபேறு. மனப்பாடம் அங்கே கொஞ்சம் கை கொடுக்கும். ஐபி இணைப்புதான் ஆகக் கீழே. ஆக எடை கூடிய பகுதியில் ஆகக் குறைந்த புள்ளி.

அட்டைகளைக் கொட்டிப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. கணிசமானவை ஊரிலுள்ள ஒரு மூத்த மாணவரிடமிருந்து பரம்பரைச் சொத்தாக வந்தவை. சிசிஎன்ஏ 2020 பெப்ரவரியில் 200-301 ஆக மாறியது. பிறகு 2024 ஓகஸ்டில் 1.1 பதிப்பு வந்தது. டின்னிலோ ஃபிரேம் ரிலே என்ற பழைய இணைப்பு முறை பற்றி ஒரு கட்டு, இஐஜிஆர்பி என்ற பாதை தேடும் முறையை அமைப்பது பற்றி ஒரு கட்டு. இரண்டும் இப்போதைய பாடத்திட்டத்தில் இல்லை. கடந்து போன பரீட்சைக்கு இரவெல்லாம் கண் விழித்திருக்கிறார்.

மார்ச் மாதத்து ஒரு மாலை

பரீட்சை முடிந்து மூன்று வாரம் இருக்கும். வகுப்பில் எட்டு கணினிகள், அவற்றை ஒன்றோடொன்று இணைக்கும் ஒரு சாதாரண 24 துளை சுவிட்ச், ஒரு ரவுட்டர். வலையமைப்பு 192.168.10.0/24, அதாவது எல்லா முகவரியும் 192.168.10 என்று தொடங்கும்; ரவுட்டர் 192.168.10.1. இதை வகுப்புக்கு அமைத்துத் தந்தவரே இந்த மாணவர்தான்.

அன்று மாலை மூன்று கணினிகளில் இணையம் இல்லை, பிரிண்டரும் கிடைக்கவில்லை. மற்ற ஐந்தும் நன்றாக ஓடின. கெட்டதில் ஒன்றை ரீஸ்டார்ட் செய்தால் சரியானது. நல்லதில் ஒன்றை ரீஸ்டார்ட் செய்தால் அது கெட்டது. "இந்தா தம்பி, பாரு" என்று விட்டுவிட்டு நான் கதவோரம் உட்கார்ந்தேன்.

கேபிள் மாற்றினார். சுவிட்ச் துளையை மாற்றினார். மத்தியானம் கரண்ட் போய் வந்ததைக் குறை சொன்னார். பத்து நிமிடம் கழித்து, கணினியின் முகவரியைக் காட்டும் ஐபிகொன்பிக் கட்டளையைப் போட்டார். திரையில் முகவரி 192.168.1.104, கேட்வே (வெளியே போகும் வழி) 192.168.1.1. அதைச் சத்தமாக வாசித்தார். வாசித்துவிட்டு, மறுபடி கேபிளைக் கழற்றப் போனார்.

தான் அமைத்தது 10 ஆம் வலையமைப்பு, திரையில் இருப்பது 1. கண் பார்த்தது, மனம் பார்க்கவில்லை.

அரை மணி நேரம் போனதும் கேட்டேன்: "டிஎச்சிபி ஸ்னூப்பிங் என்றால் என்ன?" நிமிர்ந்து நின்று, அங்கீகாரமில்லாத டிஎச்சிபி சேர்வர்களின் (கணினிகளுக்கு முகவரி கொடுப்பவற்றின்) பதில்களை நம்பிக்கையற்ற துளைகளில் தடுக்கும் சுவிட்ச் வசதி என்பதை ஆங்கிலத்தில் ஒரே மூச்சில் சொன்னார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார், புள்ளி போடுவேன் என்பதுபோல. நான் மேலே தட்டைக் காட்டினேன். அங்கே ஒரு வெள்ளைப் பெட்டி மின்னிக்கொண்டிருந்தது. வேறொரு மாணவர், வைபை நன்றாக இழுக்கட்டும் என்று தன் வீட்டு ரவுட்டரைக் கொண்டுவந்து அதன் லேன் துளையை (உள் வலையமைப்புக்கானதை) நம் சுவிட்சில் செருகியிருந்தார். அதற்குள் இருந்த டிஎச்சிபி சேவை, கேட்கிறவர்களுக்கெல்லாம் 192.168.1 முகவரிகளைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தது. அதன் வான் துளையில், அதாவது இணையம் வரும் துளையில், எதுவும் இல்லை. ஆகவே அதன் முகவரி கிடைத்த கணினி, வெளியே வழியில்லாத ஒரு கேட்வேயை நம்பி நின்றது.

கண்டவை

டிஎச்சிபியின் நான்கு படிகள் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு: தேடல், வழங்கல், கேட்டல், ஒப்புதல். ஆனால் முதற்படி ஒரு புரோட்காஸ்ட், அது சுவிட்சில் உள்ள எல்லாருக்கும் போகும், ஆகவே இரண்டு சேர்வர்களும் வழங்கலாம், பொதுவாக முந்தி வருகிற வழங்கலைத்தான் கணினி எடுத்துக்கொள்ளும் என்ற தொடர்ச்சி அவரிடம் இல்லை. ஏன் மூன்று கெட்டு ஐந்து நல்லபடி இருந்தது என்பதும் அதே தொடர்ச்சிதான். ஏற்கெனவே முகவரி வாங்கியிருந்தவை, அதன் தவணையில் பாதி கழிந்ததும் முதலில் அதே சேர்வரிடமே புதுப்பிக்கக் கேட்கும், அதனால் பழைய முகவரியோடேயே இருக்கும். புதிதாக எழும்புகிறவைதான் பந்தயத்தில் மாட்டும்.

அட்டை சொல்லைக் காட்டினால் பொருள் வரும். கோளாறைக் காட்டினால் சொல் வராது. பரீட்சை கேட்பது இரண்டாவதைத்தான்.

ஐபி இணைப்பிலும் இதே கதை. ஒரு ரவுட்டரின் பாதை அட்டவணையில் 10.0.0.0/8 ஓஎஸ்பிஎஃப் வழியாகவும், 10.1.0.0/16 கையால் எழுதிய பாதையாகவும், 10.1.1.0/24 ரிப் வழியாகவும் இருக்கின்றன (ஓஎஸ்பிஎஃப், ரிப் இரண்டும் ரவுட்டர்கள் பாதைகளைத் தமக்குள் சொல்லிக்கொள்ளும் முறைகள்; சாய்கோட்டுக்குப் பின்னுள்ள எண் மாஸ்க், முகவரியில் எவ்வளவு வலையமைப்பைக் குறிக்கிறது என்பது). 10.1.1.5 க்குப் போகும் பொதி (தரவுத் துண்டு) எந்தப் பாதையில் போகும்? அவர் இரண்டாவது என்றார். நம்பக எண்கள், அதாவது ஒரு பாதை எந்த வழியாகத் தெரியவந்தது என்பதைப் பொறுத்து ரவுட்டர் தரும் எண்கள், அவருக்கு மனப்பாடம்: நேரடி இணைப்பு 0, கையால் எழுதிய பாதை 1, ஓஎஸ்பிஎஃப் 110, ரிப் 120. சிறிய எண் வெல்லும் என்பதும் தெரியும். ஆனால் அந்தப் போட்டி, ஒரே வலையமைப்பு முகவரிக்கும் ஒரே மாஸ்க்குக்கும் இரண்டு வழிகள் வந்து மோதும்போது மட்டுமே. இங்கே மூன்றும் வேறு வேறு நீளம். மூன்றும் அட்டவணையில் இருக்கும், ஆக நீளமான பொருத்தமே வெல்லும், பொதி ரிப் பாதையில் போகும். இரண்டு அட்டைகளும் டின்னில் இருந்தன. எது முதலில், எது பிறகு என்று சொல்லும் அட்டைதான் இல்லை.

எடுத்த முடிவுகள்

தோற்றவர் ஐந்து நாள் கழித்து மறுபடி எழுதலாம் என்பது சிஸ்கோவின் விதி. மாணவருக்குச் சூடு ஆறுமுன் எழுதிவிட வேண்டும் என்று ஆசை. அம்மா சீட்டுக் காசை முன்கூட்டி எடுத்துத் தரவும் தயார். நான் மறுத்தேன். ஜூலைக்குத் தள்ளினோம். அந்த உரையாடல் இலகுவாக முடியவில்லை. இரண்டு நாள் வகுப்புக்கு வரவில்லை.

அட்டைகளைப் புரட்டிப் போட்டோம். முன்பக்கம் கோளாறு, பின்பக்கம் காரணமும் சொல்லும். "முகவரி 169.254 என்று தொடங்குகிறது" என்பது ஒரு முன்பக்கம். டிஎச்சிபி பதில் வராததால் கணினி தனக்குத்தானே முகவரி போட்டுக்கொண்டது என்பது பின்பக்கம். "ஐபியால் போகிறது, பெயரால் போகவில்லை" என்றால் பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ்ஸைப் பார். "ஒரே விலானில் பேசுகிறது, அடுத்த விலானோடு பேசவில்லை" என்றால் கேட்வே, அல்லது ட்ரங்க்கில் (பல விலான்களைச் சுமக்கும் இணைப்பில்) அந்த விலானுக்கு அனுமதி; விலான் என்பது சுவிட்சுக்குள் பிரித்த தனி வலையமைப்பு. கோளாறாக மாற்ற முடியாத அட்டைகளைத் தனியே ஒதுக்கினோம். பழைய பாடத்திட்டத்தின் கட்டுகள் அடுப்புக்குப் போயின.

எதையும் முதலில் தமிழில் விளக்க வேண்டும் என்று வைத்தேன். இதில் எனக்கும் வகுப்பில் உதவிக்கு வரும் நண்பருக்கும் கருத்து வேறுபாடு. பரீட்சை ஆங்கிலத்திலும் ஜப்பானிய மொழியிலும்தான் இருக்கிறது, தமிழில் விளக்கிப் பழகினால் கேள்வியை வாசிக்கத் தடுமாறுவார் என்பது அவர் வாதம். பாதி சரி. ஆங்கிலத்தில் ஒப்பிக்கும்போது மாணவருக்குத் தன் அறியாமை தனக்கே தெரிவதில்லை, தமிழில் சொல்லப் போனால் மூன்றாவது வாக்கியத்தில் நின்றுவிடுவார் என்பது நான் கண்டது. கடைசி மூன்று வாரம் ஆங்கிலக் கேள்விகள் மட்டும் என்று சமரசம் செய்தோம்.

வீட்டிலிருந்தே கண்காணிப்போடு எழுதும் வழியும் உண்டு. கொழும்புப் பயணம் மிச்சம். ஆனால் ஜூலை எங்களுக்கு மழைக் காலம். காற்றடித்தால் கரண்ட் போகும், கரண்ட் போனால் ரவுட்டரும் போகும். நிலையத்துக்கே போவது, முந்தின நாளே போய்த் தங்குவது என்று முடிவானது.

லயமும் தப்பால் பையும்

தமிழில் விளக்கு என்றதும் உவமைகள் தாமாக வந்தன. அவருடைய உவமைகள் என்னுடையதைவிட நல்லவை.

ஐபி முகவரியை வைத்து மெக் முகவரியை, அதாவது கருவியின் வன்பொருள் முகவரியை, கேட்டறியும் ஏஆர்பிக்கு அவர் சொன்னது: லயத்து முற்றத்தில் நின்று "செல்வம் வீடு எது?" என்று கத்துவது. பன்னிரண்டு காம்பராவிலும் (அறையிலும்) கேட்கும், ஒரு காம்பராவிலிருந்துதான் பதில் வரும். கேள்வி எல்லாருக்கும், பதில் கேட்டவருக்கு மட்டும். அடுத்த லயத்துக்குச் சத்தம் போகாது. அங்கே போக வேண்டுமென்றால் கேட்வேயின் மெக் முகவரியைத்தான் தேட வேண்டும்.

பொதி ஊர் ஊராகத் தாண்டும்போது ஐபி முகவரி அப்படியே இருக்க, மெக் முகவரி ஒவ்வொரு கட்டத்திலும் மாறுவது மாணவர்கள் வழக்கமாகத் தடுக்கி விழும் இடம். அதற்கு அவர் தப்பால் (தபால்) பையை எடுத்தார். கடிதத்தின் மேல் எழுதிய முகவரி மாறாது. பையில் கட்டிய சீட்டு தபாலகத்துக்குத் தபாலகம் மாறும். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு அந்த வகைக் கேள்வியில் அவர் தவறவே இல்லை.

உள்ளேயுள்ள பல முகவரிகளை வெளியே ஒரே முகவரியாகக் காட்டும் நேட்டுக்கும் தோட்டத்து ஆபீஸையே வைத்தார். லயத்துக் காம்பராக்களுக்குத் தனி முகவரி இல்லாதது நம் பக்கத்துப் பழைய குறை. கடிதங்கள் தோட்டத்தின் ஒரே முகவரிக்கு வரும், ஆபீஸிலிருந்து ஆளுக்குப் போய்ச் சேரும், சில சேராது. உள்ளே எத்தனையோ பேர், வெளியே ஒரு முகவரி. அழகான பொருத்தம். ஆனால் இங்கேதான் உவமை அவரைக் கவிழ்த்தது. வெளியிலிருந்து தானாக வரும் கடிதத்தையும் ஆபீஸ் கிளாக்கர் (எழுதுவினைஞர்) பெயரைப் பார்த்து ஆளிடம் சேர்ப்பிக்கிறார். போர்ட் எண்களை (ஒவ்வொரு உரையாடலையும் பிரித்துக் காட்டும் எண்களை) வைத்து நடக்கும் நேட்டில் அப்படி இல்லை. உள்ளேயிருந்து முதலில் யாராவது வெளியே பேசியிருக்க வேண்டும், அந்தப் பதிவு அட்டவணையில் இருக்க வேண்டும், அல்லது நிலையான பொருத்தம் ஒன்றை முன்பே எழுதியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் வந்த பொதியைக் கொடுக்க ஆள் இல்லை. மாதிரிப் பரீட்சையில் இதே கேள்வியை இரண்டு தடவை பிழைவிட்டார். இரண்டாம் தடவைதான் பிழை உவமையில் என்று எனக்குப் பிடிபட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு உவமைக்கும் கீழே "இது எங்கே பொருந்தாது?" என்று ஒரு வரி எழுத வைத்தேன்.

வலையமைப்பைச் சிறிது சிறிதாகப் பிரிக்கும் சப்நெட்டிலும் ஒரு சறுக்கல். 14 காம்பராவுக்கு ஆளுக்கொரு முகவரி, எந்த மாஸ்க்? உடனே /28 என்றார். 16 முகவரி, முதலும் கடைசியும் போக 14, கணக்குச் சரி. கேட்வேக்கு முகவரி எங்கே என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். அப்புறம் /27 என்று திருத்தினார். அதற்குப் பிறகு தினமும் ஐந்து கணக்கு, கடையில் ரீலோட் பற்றுச்சீட்டுகளின் பின்பக்கத்தில். பாக்கெட் நிறைய அந்தத் துண்டுகளோடுதான் வகுப்புக்கு வருவார்.

ஸ்னூப்பிங், இரண்டாம் தடவை

வகுப்புச் சுவிட்ச் சாதாரணமானது, அதில் ஸ்னூப்பிங் போட வழியில்லை. மார்ச் மாதத்தில் வெள்ளைப் பெட்டியின் டிஎச்சிபியை அணைத்து, அதற்கு 10 ஆம் வலையமைப்பில் ஒரு முகவரி கொடுத்து, வெறும் வைபை புள்ளியாக வைத்துக்கொண்டோம். ஏப்ரலில் அதே கோளாறை பக்கட் ட்ரேசரில் கட்டச் சொன்னேன். அது சிஸ்கோவின் இலவசப் பயிற்சி மென்பொருள், கடைக் கணினியிலும் ஓடும்.

கட்டினார். ஸ்னூப்பிங்கை இயக்கினார். கள்ளச் சேர்வர் அடங்கியது. கூடவே நல்ல சேர்வரும் அடங்கிவிட்டது. ஸ்னூப்பிங் போட்டதும் எல்லாத் துளைகளும் நம்பிக்கையற்றவை. ரவுட்டர் இருக்கும் துளையை நாம்தான் நம்பகமானது என்று அறிவிக்க வேண்டும். அதைச் செய்தும் முகவரி வரவில்லை. ஒரு மணி நேரம் போராடியபின் கண்டார்: சுவிட்ச் கோரிக்கைக்குள் 82 ஆம் விருப்பத் தகவலை (அது எந்தத் துளையிலிருந்து வந்தது என்ற குறிப்பை) செருகுகிறது, முகவரி கொடுக்கும் சிஸ்கோ ரவுட்டர் அந்தக் கோரிக்கையை ஏற்க மறுக்கிறது. செருகலை நிறுத்தினார், எல்லாக் கணினிகளுக்கும் முகவரி வந்தது. நான் ஒரு வார்த்தையும் உதவவில்லை. அன்று இரவு கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு, ஆட்டோவுக்கு என்னிடம் காசு வாங்கிப் போனார்.

இரண்டாம் முயற்சி

ஜூலை நடுவில். முந்தின நாள் ரயிலில் போய், கொழும்பில் உறவினர் வீட்டில் தங்கினார். திரும்பிப் போக முடியாத கேள்விகளுக்காக ஒரு பழக்கம் வைத்திருந்தோம்: கோளாறுக் கேள்வியில் முதலில் விடைகளைப் பார்க்காதே, காரணத்தை மனதுக்குள் தமிழில் சொல்லு, பிறகு விடையைத் தேடு. சித்தியடைந்தார். ஐபி இணைப்பும் பாதுகாப்பும் நன்றாக ஏறியிருந்தன. தானியங்கல் மட்டும் முதல் தடவையைவிடக் கீழே இறங்கியிருந்தது.

அந்த இறக்கம் என் பிழை. கோளாறாக மாற்ற முடியாத அட்டைகளை ஒதுக்கச் சொன்னேன் அல்லவா, தானியங்கல் அட்டைகளில் பெரும்பாலானவை அந்தக் கட்டில்தான் போய்ச் சேர்ந்தன. ஜேசன், ரெஸ்ட், கன்ட்ரோலர் போன்ற தானியங்கல் சங்கதிகளை நான் அன்றாடம் தொடுவதில்லை. என் கைக்கு வராததை அவர் பாடத்திலிருந்தும் வெட்டிவிட்டேன்.

இப்போது கண்டியில் ஒரு நிறுவனத்தில் வலையமைப்பு உதவியாளராக இருக்கிறார், தகுதிகாண் காலம். சான்றிதழ் மூன்று வருடத்துக்குத்தான் செல்லும். 2028 வரை அவகாசம்.

மறுபடி செய்தால்

அட்டைகளை நான் முற்றாகத் தள்ள மாட்டேன். போர்ட் எண்கள், நம்பக எண்கள், சுவிட்ச்களுக்கிடையே சுழல் வராமல் தடுக்கும் ஸ்பேனிங் ட்ரீயில் தொடக்க முன்னுரிமை 32768 போன்றவை மனப்பாடம்தான், வேறு வழியில்லை. அவற்றுக்குத் தனி டின். பாடத்திட்டத்தின் பதிப்பு எது என்று முதல் வாரமே பார்ப்பேன். பரீட்சைக்குப் பணம் கட்டுமுன் அம்மாவையும் வரச்சொல்லிப் பேசுவேன். ஜூலைக்கான காசு எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஓகஸ்டில்தான் தெரிந்தது, அதை இங்கே எழுதவில்லை.

ஆயத்தம் போதுமா என்று பார்க்க அட்டை கேட்பதையும் விட்டுவிட்டேன். புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு மாதம் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல், அந்த வெள்ளைப் பெட்டியின் டிஎச்சிபியை மறுபடி இயக்கிவிட்டு, பெட்டியைத் தட்டிலிருந்து மேசைக்குப் பின்னால் ஒளித்து வைக்கிறேன். சென்ற தடவை ஒரு மாணவி பதினொரு நிமிடத்தில் கண்டுபிடித்தார். ஐபிகொன்பிக் பக்கமே போகவில்லை, சுவிட்சிலிருந்து ஒவ்வொரு கேபிளாகக் கையால் பிடித்துக்கொண்டு போய்ப் பெட்டியைத் தொட்டார். அதற்கு எத்தனை புள்ளி போடுவது என்று எனக்கும் நண்பருக்கும் இன்னும் ஒத்துவரவில்லை.